கோணல்மாணலாகச் சாக்லேட் ட்ரஃபிள் செய்வது எப்படி?

சாக்லேட் ட்ரஃபிளுக்கு அடுப்பில் ஐந்து நிமிட வேலைதான். ஓவன் வேண்டாம், க்ரீம் அடிக்கும் பீட்டர் வேண்டாம், அச்சும் வேண்டாம். சாக்லேட், க்ரீம், கொஞ்சம் வெண்ணெய், மேலே புரட்டக் கோகோ பவுடர், அவ்வளவுதான். சாக்லேட் வேலையில் முதன்முதலாகக் கை வைப்பவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வழவழவென்று, எல்லாம் ஒரே அளவில் உருட்டித் தட்டில் அடுக்காதீர்கள். ட்ரஃபிள் என்றால் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், இந்தப் பெயருக்கு உண்மையான சொந்தக்காரர் மண்ணுக்குள் இருக்கிறார்.

முதலில் அந்த மண்ணுக்குள் இருப்பவர்

அசல் ட்ரஃபிள் ஒரு பூஞ்சை. காளானுக்கு உறவுதான், ஆனால் குடை விரித்து மண்ணுக்கு மேலே வராது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் ஓக், ஹேசல் மரங்களின் வேர்களோடு பின்னிப் பிணைந்து வளர்கிறது. மரம் தான் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. பூஞ்சை தன் மெல்லிய இழைகளால் மண்ணிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் இழுத்து மரத்துக்குத் தருகிறது. பெரிகோர் என்ற பிரெஞ்சு வட்டாரத்தின் பெயரைச் சுமக்கும் கறுப்பு ட்ரஃபிள் குளிர்காலத்துச் சரக்கு. வடமேற்கு இத்தாலியில் ஆல்பா ஊர்ப் பக்கம் கிடைக்கும் வெள்ளை ட்ரஃபிள் இலையுதிர் காலத்தில் வரும். விலையில் வெள்ளைதான் உச்சம்.

வெளியே வராத பூஞ்சைக்குத் தன் வித்துகளைக் காற்றில் தூவ வழியில்லை. அதனால் மணம் விட்டு விலங்குகளை அழைக்கிறது. காட்டுப்பன்றி போன்றவை மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்னும். வித்துகள் செரிக்காமல் வேறோரிடத்தில் எச்சத்தோடு விழும். அந்த மணக் கலவையில் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் முக்கியமானது. அதை வைத்துத்தான் பன்றியும் நாயும் ட்ரஃபிளைக் கண்டுபிடிக்கின்றன. முன்பு பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தேடப் போனார்கள். தோண்டியதைப் பன்றி வாயிலிருந்து பிடுங்குவது லேசான காரியமா? போதாக்குறைக்கு வேர்ப்பகுதியையும் கிளறி நாசமாக்கிவிடும். இத்தாலி பன்றியைத் தடை செய்தே விட்டது. இப்போது பெரும்பாலும் நாய்தான். லகோட்டோ ரொமஞோலோ என்ற சுருட்டை முடி நாய் இனம் இதற்கே பேர்போனது.

தென்கிழக்கு பிரான்சில் ரிஷ்ராங்ஷ் என்று ஒரு சின்ன ஊர். ஜனவரியில் அங்கே ட்ரஃபிளுக்கென்றே ஒரு பூசை நடக்கும். காணிக்கைத் தட்டில் பணத்துக்குப் பதிலாக மக்கள் ட்ரஃபிளைப் போடுவார்கள். பூசை முடிந்ததும் அதை ஏலம் விட்டுத் தேவாலயத்துக்குப் பணம் சேர்ப்பார்கள். நம் ஊர்த் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சாக்லேட் ட்ரஃபிளும் பிரெஞ்சுக்காரர் வேலைதான். ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள ஷாம்பெரி நகரில், 1895 டிசம்பரில், லூயி துஃபூர் என்ற மிட்டாய்க்காரர் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. க்ரீமும் சாக்லேட்டும் கலந்து கையால் பிடித்து, கோகோ பவுடரில் புரட்டியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு அப்போதுதான் மண்ணிலிருந்து தோண்டி எடுத்த கறுப்பு ட்ரஃபிள் அச்சாக அப்படியே. ஆக, கோகோ பவுடர்தான் மண், உள்ளே இருப்பது பூஞ்சை. மேடும் பள்ளமுமாக இருந்தால்தான் ஜாடை தெரியும்.

தேவையானவை

டார்க் சாக்லேட் 200 கிராம்
ஃப்ரெஷ் க்ரீம் 100 மி.லி. (மணம் ஏற்றி வடிகட்டிய பின் 80 மி.லி.)
உப்பில்லாத வெண்ணெய் 20 கிராம்
உப்பு ஒரு சிட்டிகை
இனிப்பில்லாத கோகோ பவுடர் புரட்ட ஒரு கைப்பிடி

இதில் சுமார் 25 வரும்.

சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொழுப்பு என்ற இடத்தில் கோகோ பட்டர் மட்டும் இருக்க வேண்டும். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட். கேக் மேல் ஊற்ற அது பரவாயில்லை, ட்ரஃபிளுக்கு வேண்டாம். கோகோ பட்டர் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், அதனால் வாயில் போட்டதும் கரையும். காம்பவுண்ட் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். கோகோ 55 சதவீதமுள்ள டார்க் சாக்லேட் தொடங்குவதற்குத் தோதானது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவில் செய்த பார்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் 70 சதவீதம் வாங்கினால் இன்னும் 15 மி.லி. க்ரீம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லாகிவிடும்.

வெண்ணெய் எதற்கு? வெளிநாட்டுக் குறிப்புகளில் 200 கிராம் சாக்லேட்டுக்கு 100 மி.லி. க்ரீம் என்றுதான் இருக்கும். அவர்கள் க்ரீமில் கொழுப்பு 35 சதவீதம். நம் கடைகளில் டெட்ரா பேக்கில் வருவதில் பெரும்பாலும் 25 சதவீதம்தான். அதையே 100 மி.லி. ஊற்றினால் தண்ணீர் கூடிப்போய்ப் பிடிக்க வராது. க்ரீமைக் குறைத்து வெண்ணெய் சேர்த்தால் கொழுப்பும் நீரும் ஏறக்குறைய அதே கணக்குக்கு வந்துவிடும்.

1. மணம் ஏற்றுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். எனக்கோ இதுதான் பிடித்த கட்டம். கறுப்பு ட்ரஃபிள் வாங்கிய ஐரோப்பியர்கள் அதை முட்டைகளோடு ஒரு மூடிய ஜாடியில் ஓரிரவு வைப்பார்கள். மணம் ஓட்டின் நுண்துளை வழியே புகுந்து மஞ்சள் கருவின் கொழுப்பில் தங்கிவிடும். மறுநாள் ஆம்லெட்டில் ட்ரஃபிளே போடாமல் ட்ரஃபிள் வாசம் வரும். கொழுப்பு வாசனையைப் பிடித்துவைக்கும். க்ரீமும் கொழுப்புதானே!

100 மி.லி. க்ரீமை (வடிகட்டும்போது கொஞ்சம் போய்விடும்) சின்ன பாத்திரத்தில் குறைந்த தீயில் வைத்து, தட்டிய ஏலக்காய் நாலைந்து, அல்லது ஒன்றிரண்டாக உடைத்த காப்பிக்கொட்டை ஒரு கரண்டி, அல்லது வெள்ளைப் பகுதி படாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் போடுங்கள். ஏதாவது ஒன்றுதான், எல்லாம் சேர்த்தால் எதுவும் தெரியாது. சூடானதும் இறக்கி மூடி, 10 நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். 80 மி.லி. அளந்துகொள்ளுங்கள்.

ட்ரஃபிள் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். கடையில் கிடைக்கும் அந்த எண்ணெயில் பெரும்பாலானவை வெள்ளை ட்ரஃபிளின் ஒரே ஒரு மணப்பொருளை ஆய்வகத்தில் தயாரித்து எண்ணெயில் கலந்தவை. பூண்டை நினைவூட்டும் அந்த வாடை சாக்லேட்டை மொத்தமாக அமுக்கிவிடும்.

2. சாக்லேட்டை நறுக்குங்கள்

பொடிப்பொடியாக. பெரிய துண்டுகள் இருந்தால் க்ரீமின் சூடு போதாமல் கட்டி தங்கும். பாத்திரமும் கத்தியும் நன்றாக உலர்ந்திருக்கட்டும்.

3. கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் சேர்ந்த கலவை) கலக்குங்கள்

வடிகட்டிய க்ரீமை மறுபடி சூடாக்குங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் தெரிந்ததும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. சாக்லேட் மேல் ஊற்றி, உப்புப் போட்டு, 2 நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவில் மட்டும் சின்ன வட்டமாகக் கலக்கத் தொடங்குங்கள். முதலில் திரிந்த மாதிரி பயமுறுத்தும். விடாமல் கலக்கினால் நடுவில் பளபளப்பான பகுதி உருவாகி மெல்ல ஓரம் வரை விரியும். உருகாத துண்டு இருந்தால் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் மேல் சில விநாடி காட்டுங்கள். கடைசியில் அறைச்சூட்டில் இருக்கும் வெண்ணெயைக் கலந்துவிடுங்கள்.

எண்ணெய் மேலே மிதந்து சாக்லேட் சொரசொரவென்று ஆகிவிட்டால் தூக்கி எறியாதீர்கள். நீரும் கொழுப்பும் சேர்ந்த கலவை பிரிந்துவிட்டது, அவ்வளவே. சூடு அதிகமாகியிருக்கும், அல்லது நீர் போதவில்லை. ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலைச் சிறிது சிறிதாக விட்டு வேகமாக அடித்தால் மறுபடி ஒன்றுகூடும்.

4. ஆறவிடுங்கள்

ஐரோப்பியக் குறிப்புகள் அறைச்சூட்டில் இறுகவிடச் சொல்லும். சென்னை மே மாதத்தில் அது நடக்காது. மேற்பரப்பில் படும்படி பிளாஸ்டிக் உறையால் மூடி, ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பக்கத்தில் சாம்பாரோ நறுக்கிய வெங்காயமோ இருக்க வேண்டாம். கொழுப்பு நல்ல வாசம், கெட்ட வாசம் என்று பார்ப்பதில்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

5. பிடித்துப் புரட்டுங்கள்

டீஸ்பூனால் 12 கிராம் அளவில் கிள்ளித் தட்டில் வையுங்கள். கையைக் குளிர்ந்த நீரில் கழுவி நன்றாகத் துடைத்து, உள்ளங்கையில் கோகோ பவுடர் தடவிக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு 37 டிகிரி. கோகோ பட்டர் அதற்கு முன்பே உருகிவிடும். அதனால் விரல் நுனியால் இரண்டு மூன்று அழுத்து, அத்தோடு விட்டுவிடுங்கள். நீளமாக ஒன்று, சப்பையாக ஒன்று, மூக்கு நீட்டியபடி ஒன்று என்று வரட்டும். இளகத் தொடங்கினால் தட்டோடு ஃப்ரிட்ஜுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் காப்பி குடியுங்கள். பிறகு கோகோ பவுடரில் உருட்டி, அதிகப்படியானதைச் சல்லடையில் தட்டிவிடுங்கள்.

கடை ட்ரஃபிள் மாதிரி கடித்தால் உடையும் மேலோடு வேண்டும் என்றால் சாக்லேட்டைக் குறிப்பிட்ட சூட்டில் உருக்கி ஆற்றிப் பதப்படுத்தத் தெரிய வேண்டும். அது தனிப் பாடம். இப்போதைக்கு மண் பூசியதே போதும்.

வைத்திருப்பது

காற்றுப்புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். சில்லென்று எடுத்த கையோடு சாப்பிட்டால் கொழுப்பு இறுகியிருப்பதால் நீங்கள் ஏற்றிய ஏலக்காய் வாசமே தெரியாது. கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். வெயில் காலம் என்றால் 5 நிமிடம் போதும். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக் கோகோ பவுடர் கறுத்துத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், இன்னொரு முறை பவுடரில் புரட்டிக்கொள்ளுங்கள். யாருக்காவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் டப்பாவின் அடியில் ஒரு கரண்டி கோகோ பவுடரைத் தூவிவிட்டு அடுக்குங்கள். வழியில் ஒன்றோடொன்று ஒட்டாது.