ஹொலிடே மெம்பர்ஷிப்ல சைன் வச்சிட்டீங்களா? காசைத் திருப்பிக் கேக்குறது எப்படி

ஹொலிடே மெம்பர்ஷிப்னா முன்னாலயே மொத்தமா காசு கட்டி, வருஷா வருஷம் சில நாள் ஹொட்டல்ல தங்குற உரிமையை வாங்குறது. அதை விக்க கண்டி, நுவரெலியா, பண்டாரவளை பக்கம் சீசன் டைம்ல நடக்குறது இதுதான். சூப்பர் மார்க்கெட் வாசல்ல ஒரு தங்கச்சி சிரிச்சிக்கிட்டே ஒரு போம் நீட்டும், பேரும் போன் நம்பரும் மட்டும் எழுதுங்க, லக்கி டிரா இருக்குன்னு. கொஞ்ச நாள்ல கோல் வரும், உங்களுக்கு ரெண்டு நைட் ஸ்டே விழுந்திருக்கு, வந்து வவுச்சரை வாங்கிட்டுப் போங்க, ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்னு. ஏன் ரெண்டு பேரும்? "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"னு நழுவ முடியாம பண்ணத்தான்.

போனா ஏசி ஹோல், பிள்ளைங்களுக்கு ஜூஸ், நமக்கு பால் டீ. அரை மணித்தியாலம்னு சொன்னது மூணு மணித்தியாலம் ஆகும். வருஷத்துக்கு ஏழு நாள் எந்த ஹொட்டல்லயும் தங்கலாம், வெளிநாட்டுலயும் மாத்தி எடுக்கலாம், வேணாம்னா நல்ல விலைக்கு வித்துக்கலாம், நீங்களும் இதுல ஒரு ஓனர்னு அடுக்கிக்கிட்டே போவாங்க. யோசிக்கணும்னு சொன்ன உடனே இன்னொருத்தர் வந்து உக்காருவார், மேனேஜராம், இன்னைக்கு மட்டும் ரெண்டு லட்சம் குறைச்சித் தாறேன்னு சொல்லுவார். கார்ட் வேலை செய்யுதான்னு மட்டும் பார்ப்போம்னு மெஷின்ல போடுவாங்க. வெளிய வரும்போது கையில ஒரு பைல், அதுக்குள்ள இங்கிலீஷ்ல பொடி எழுத்துல இருபது பக்கம்.

இப்ப அந்த பைலோட வீட்டுக்கு வந்துட்டீங்க, ராத்திரி தூக்கம் வரல. அவங்களுக்கு கோல் எடுத்து சண்டை போடாதீங்க. எடுத்தா "சேர் நாங்க பார்த்து சொல்றோம், மேடம் லீவுல இருக்காங்க"ன்னு வாரக்கணக்குல இழுப்பாங்க, அதுக்குள்ள உங்க நாள் போயிடும். நாள் ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன்.

மொதல்ல ஒரு கொப்பிப் பேப்பரை எடுத்து நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம் அவங்க வாயால சொன்னது, வலது பக்கம் அக்ரிமெண்ட்ல இருக்கிறது. இடது பக்கத்தை அன்னைக்கே எழுதணும், புருஷன் பொண்டாட்டி தனித்தனியா எழுதிட்டு அப்புறம் சேர்த்துப் பார்த்தா இன்னும் நல்லது. யார் சொன்னது, எத்தனை மணிக்கு, பக்கத்துல யார் இருந்தது எல்லாம் போடுங்க. வலது பக்கத்துக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச மகளையோ ஸ்கூல் டீச்சரையோ வச்சி வாசிச்சா பாதி விசயம் அங்கேயே வெளிச்சமாகிடும். "ஏப்ரல்ல நுவரெலியாவுல ரூம் கட்டாயம் கிடைக்கும்"னு சொன்னது அக்ரிமெண்ட்ல "ரூம் இருந்தா மட்டும், முன்கூட்டி புக் பண்ணணும், சீசன் நாட்கள் தவிர"ன்னு இருக்கும். வருஷா வருஷம் மெயிண்டனன்ஸ் பீஸ் கட்டணும், அதை கம்பெனி விரும்பினபடி கூட்டலாம்னு இருக்கும். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுன்னா அது பெரும்பாலும் வேற கம்பெனி, அதுக்கு தனி மெம்பர்ஷிப், தனி பீஸ். கடைசிப் பக்கத்துல ஒரு வரி வரும் பாருங்க, "வாய்மொழியாகச் சொன்ன எதையும் நம்பி நான் இதில் கையெழுத்திடவில்லை"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி. அந்த ஒரு வரிதான் அவங்க கேடயம். அதுக்காக எல்லாம் முடிஞ்சிதுன்னு நினைக்க வேணாம், ஆனா அதனாலதான் வட்ஸ்அப் மெசேஜ், வொயிஸ், அந்த லக்கி டிரா கூப்பன், அவங்க பேனாவால கிறுக்கி கணக்குப் போட்டுக் காட்டின துண்டுப் பேப்பர் வரைக்கும் ஒண்ணையும் வீசக்கூடாது. அந்தக் கிறுக்கல் பேப்பரை அவங்க மெதுவா கையில இருந்து எடுத்துக்கப் பார்ப்பாங்க, அதுலயே தெரியும் அதோட பெறுமதி.

ஓனர்னு சொன்னாங்கல்ல, அதைத் தனியா பாருங்க. நம்ம இலங்கையில காணி, கட்டிடத்துல உரிமை மாத்துறதுன்னா நொத்தாரிசுக்கு முன்னால, ரெண்டு சாட்சியோட உறுதி (காணிப் பத்திரம்) எழுதணும், 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க கட்டளைச் சட்டத்துல இருந்து அப்படித்தான். உங்க பைல்ல நொத்தாரிஸ் எழுதின உறுதி இல்ல, வெறும் கம்பெனி சீல் அடிச்ச சர்டிபிகேட் மட்டும்தான்னா நீங்க ஓனர் இல்ல, ரூம் கேக்குற உரிமைக்கு காசு கட்டின ஆள், அவ்வளவுதான். ஓனர்னு சொல்லி வித்திருந்தா, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுக்குற முறைப்பாட்டுல (அதைப் பத்தி கீழ சொல்றேன்) அதை முதல் வரியாவே போடுங்க.

கணக்கையும் ஒருக்கா போட்டுப் பாருங்க. உதாரணத்துக்கு ஆறு லட்சம் கட்டி பத்து வருஷம், வருஷத்துக்கு ஏழு நைட், மெயிண்டனன்ஸ் வருஷம் 40,000. பீஸ் ஒரு சதம் கூடலன்னாலும் மொத்தம் பத்து லட்சம், 70 நைட்டுக்கு வகுத்தா ஒரு நைட் 14,000 ரூபாக்கு மேல. மூணு வருஷம் போக முடியாம போனா நைட் 20,000 தாண்டும். ஒரு வருஷமும் விடாம நம்மால போக முடியுமா, சொல்லுங்க. வீட்ல கலியாணம் வரும், பிள்ளைக்கு ஏ லெவல் வரும்.

சரி, இப்ப கடிதம். தமிழ்லயே எழுதலாம், லோயர் பாஷை வேணாம். கம்பெனி பேர், அக்ரிமெண்ட் நம்பர், திகதி, கட்டின தொகை. அடுத்து "என்னிடம் இவ்வாறு கூறப்பட்டது, ஒப்பந்தத்தில் இவ்வாறு உள்ளது"ன்னு உங்க ரெண்டு பக்கக் குறிப்புல இருந்து பெரிய நாலு விசயம். முடிவுல "ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறேன், கட்டிய முழுப் பணத்தையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தரவும்". அவ்வளவுதான். திட்டாதீங்க, அழாதீங்க, குடும்பக் கஷ்டம் எழுதாதீங்க. ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பி அந்தத் துண்டை போட்டோ எடுத்து வைங்க, அதே கடிதத்தை ஈமெயில்லயும் போடுங்க. எந்த விலாசத்துக்குன்னா பிரஞ்ச் ஓபிசுக்கு மட்டும் வேணாம், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தோட வெப்சைட்ல பேரைத் தேடி கம்பெனி உண்மையிலேயே பதிஞ்சதான்னு பாருங்க, பதிஞ்ச விலாசத்துக்கும் ஒரு கொப்பி போகட்டும். சில நேரம் போர்ட்ல ஒரு பேர், ரிசீட்ல வேற பேர் இருக்கும். காசு வாங்கின பேருக்குத்தான் எழுதணும்.

ஐரோப்பாவுல டைம்ஷெயர், அதாவது இந்த மாதிரி மெம்பர்ஷிப் வாங்கினவங்க 14 நாளைக்குள்ள காரணமே சொல்லாம விலகலாம், 2008ல வந்த சட்டம். அதைப் பார்த்துட்டு நமக்கும் அப்படித்தானேன்னு இருந்துடாதீங்க. உங்க அக்ரிமெண்ட்ல இத்தனை நாளைக்குள்ள கென்சல் பண்ணலாம்னு எழுதியிருக்கான்னு தேடுங்க, இருந்தா அந்த நாளுக்குள்ள கடிதம் கட்டாயம் போகணும்.

கார்ட்ல கட்டியிருந்தா பேங்குக்கும் அன்னைக்கே எழுதுங்க, இந்த கொடுக்கல் வாங்கலை நான் டிஸ்பியூட் பண்றேன்னு. பின் நம்பர் அடிச்சிட்டீங்கன்னா பேங்க் லேசுல இறங்காது, ஆனா சொன்ன சேவை கிடைக்கலன்னு ஆதாரத்தோட கேக்குறது வேற விசயம், கேட்டுத்தான் பார்க்கணும். தவணையா மாத்தியிருந்தா ஒண்ணு ஞாபகம் வைங்க, பேங்க் பொதுவா கம்பெனிக்கு முழுசா கட்டிட்டுத்தான் உங்ககிட்ட மாசம் மாசம் வாங்குது, அதனால கம்பெனியில கென்சல்னு சொன்னாலும் தவணை தானா நிக்காது, கட்டாம விட்டா உங்க பேர்தான் கெடும். பேங்க் பதில் சரியில்லன்னா மத்திய வங்கிக்கு முறையிடலாம், 1935க்கு கோல் எடுங்க. பின்னால வர்ற திகதி போட்ட செக் கொடுத்திருந்தா லோயர்கிட்ட கேக்காம ஸ்டாப் போடாதீங்க, செக் திரும்பினா அவங்க உங்க மேல கேஸ் போடப் பார்ப்பாங்க.

இப்ப நாள் விசயம். 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துல, முறைப்பாட்டை எழுத்துல மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும்னு இருக்கு. அவங்க "மேடம் லீவு"ன்னு இழுக்குறது இதுக்குத்தான். சைன் வச்ச நாள்ல இருந்து எண்ணிக்கிறது பாதுகாப்பு. அதே சட்டத்துல 30 ஆம் பிரிவு வியாபாரத்துல ஆளைத் தவறா வழிநடத்துறதைத் தடுக்குது, 31 பொய்யான விபரம் சொல்லி விக்கிறதைத் தடுக்குது, ரெண்டு நம்பரையும் முறைப்பாட்டுல போடுங்க. தகவலுக்கு அந்த அதிகார சபையோட நம்பர் 1977, ஆனா கோல் எடுத்ததோட நிறுத்தாம கச்சேரியில (மாவட்டச் செயலகத்துல) இருக்கிற அவங்க மாவட்ட ஓபிசுல எழுதிக் கொடுத்து, உங்க கொப்பியில சீலும் திகதியும் அடிச்சி வாங்குங்க. ஹட்டன், தலவாக்கலை ஆளுங்களுக்கு நுவரெலியா போறது ஒரு நாள் சம்பளம் போற வேலைதான், அதனால எல்லாத்துக்கும் ரெண்டு கொப்பி அடிச்சிக்கிட்டு ஒரே தடவையில முடிச்சிருங்க.

இன்னொரு வழி மத்தியஸ்த சபை, ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு பேசி இணக்கம் பண்ணி வைக்கிற சபை. நிறைய இடத்துல சனி ஞாயிறுல ஸ்கூல்ல கூடும், லோயர் தேவையில்ல. கம்பெனிக்காரங்க வந்தா பாதிக் காசுக்காவது இறங்கி வர வாய்ப்பு இருக்கு, வரலன்னா இணக்கம் ஏற்படலன்னு சான்றிதழ் தருவாங்க, பின்னால கோர்ட்டுக்குப் போனா அது உதவும். "இன்னும் நாலு பேரை சேர்த்து விடுங்க, உங்க காசு திரும்பி வரும்"னு சொல்லியிருந்தா அது வேற கதை, பிரமிட் திட்டம் இங்க சட்டப்படி குற்றம், அதை மத்திய வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லலாம்.

கொஞ்ச மாசம் கழிச்சி இன்னொரு கோல் வரும். உங்க மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் ரெடி, டொக்குமெண்ட் சார்ஜ் மட்டும் முதல்ல போடுங்கன்னு. உங்க பேர் நம்பர் எங்க இருந்து போச்சுன்னு நினைக்கிறீங்க? ஒரு சதம் போடாதீங்க, காசு தரப்போறவன் எதுக்கு முதல்ல காசு கேக்கணும்.

கடைசியா கம்பெனி இறங்கி வந்து செட்டில் பண்றோம்னு சொன்னா, அவங்க ஒரு பேப்பர் நீட்டுவாங்க, இனி எந்தக் கோரிக்கையும் இல்ல, முறைப்பாட்டை வாபஸ் வாங்குறேன்னு. தொகையும் தாற திகதியும் அதுல எழுதியிருந்தா மட்டும் சைன் வைங்க, செக் தந்தா அது பாஸாகி பேங்க் புக்ல விழும் வரைக்கும் ஒரிஜினல் அக்ரிமெண்டைக் கொடுக்காதீங்க, கச்சேரிக்கும் வாபஸ் கடிதம் எழுதாதீங்க.