அமெரிக்கக் கல்லூரியின் முதலாண்டு எழுத்து வகுப்பு: நம் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போகிறவர்கள் எந்தத் துறையை எடுத்தாலும், பெரும்பாலான கல்லூரிகளில் முதல் ஆண்டிலேயே ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பை முடித்தாக வேண்டும். காம்போசிஷன், ஃபர்ஸ்ட் இயர் ரைட்டிங் என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். ஹார்வர்டு 1885-ல் இதை முதலாண்டு மாணவர்களுக்கு வைத்தது, அதைப் பார்த்து மற்ற கல்லூரிகளும் வைத்தன, இன்றுவரை போகவில்லை. பள்ளியில் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட இங்கே முதல் கட்டுரைக்கு வரும் கிரேடைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். மொழி போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வது பல நேரம் தவறான கணிப்பு. பரீட்சைக்கு எழுதிய பழக்கத்தோடு இந்த வகுப்பில் உட்கார்வதுதான் சிக்கல்.

நம் பள்ளியில் கட்டுரை என்றால் குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். முன்னுரை, நடுவில் உட்தலைப்புகள், முடிவுரை, இடையில் ஒரு பொன்மொழி, அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் எழுதி மடித்துக் கொடுத்துவிடலாம். அங்கே நாம் என்ன நினைக்கிறோம் என்று யாரும் கேட்டதே இல்லை. இந்த வகுப்பில் கேட்பது அதை மட்டும்தான். “சமூக ஊடகங்களால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு” என்று எழுதினால் அதை மறுக்க உலகத்தில் ஆளே இல்லை, ஆகவே அதை நிறுவ நான்கு பக்கம் எழுதவும் காரணம் இல்லை. ஆசிரியர்கள் தீசிஸ் என்று கேட்பது, நியாயமான ஒருவர் மறுக்கக்கூடிய, நீங்கள் ஆதாரம் காட்டியே தீரவேண்டிய ஒரு வாதம். உதாரணமாக, நூலகம் இரவு முழுக்கத் திறந்திருந்தும் வளாகப் பேருந்து ஒன்பது மணியோடு நின்றுவிடுவதால், வெளியே வாடகைக்குக் குடியிருக்கும் மாணவர்களுக்கு அந்த நூலகத்தால் பயனில்லை, ஆகவே காசை முதலில் பேருந்துக்குச் செலவிட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். இதில் இடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், மறுத்துப் பேச வழி இருக்கிறது. நான்கு பக்கம் தானாக வரும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. முதல் வரைவையே கட்டுரை என்று நினைத்துக்கொள்வது. 1980-ல் நான்சி சோமர்ஸ் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களையும் அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் வைத்து, இரு தரப்பும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்களுக்குத் திருத்தம் என்பது சொல்லை மாற்றுவதாக இருந்தது, ஒரே சொல் இரண்டு முறை வந்துவிட்டதா என்பதுதான் அவர்களின் பெரிய கவலை. அனுபவசாலிகளோ வாதத்துக்கு வடிவம் தேடினார்கள், படிக்கிறவருக்கு இது எப்படிப்படும் என்று பார்த்தார்கள், பத்திகளையே தூக்கிப்போடத் தயங்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் முதலாண்டு மாணவர் ‘திருத்திவிட்டேன்’ என்று கொண்டுவரும் பிரதியில் மாறியிருப்பது பத்துப் பதினைந்து சொற்களாகத்தான் இருக்கும், அதுவும் எளிய சொல்லை எடுத்துவிட்டு, சொற்களஞ்சியத்தில் தேடிப்பிடித்த கனமான சொல்லைப் போட்டு இருந்ததையும் கெடுத்திருப்பார்கள்.

இதற்கு உருப்படியான ஒரு வழி: வரைவை முடித்து ஒரு நாள் விட்டுவிடுங்கள், அப்புறம் எடுத்து ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘இந்தப் பத்தி என்ன சொல்கிறது’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத முடியாத பத்தி எது, ஒரே வரி இரண்டு இடத்தில் வருவது எங்கே, உண்மையான வாதம் கடைசிப் பத்தியில்தான் முளைக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் எழுதிக்கொண்டே போகும்போதுதான் நமக்கே விஷயம் பிடிபடுகிறது. அப்படி வந்தால் அந்தக் கடைசிப் பத்தியை முதலில் வைத்து முழுவதையும் மறுபடி எழுதுங்கள். வலிக்கும்தான். கிரேடு ஏறுவது இங்கேதான். இலக்கணப் பிழைகளை இதற்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெட்டிப்போடப் போகிற பத்தியில் பிழை திருத்தி என்ன பயன்?

மேற்கோள் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். இணையத்தில் எடுத்த பத்தியில் அங்கங்கே சொல்லை மட்டும் மாற்றி, வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வது நம் ஊரில் பெரிய குற்றமாகத் தெரியாது. அங்கே அது கருத்துத் திருட்டு என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு வரை போகலாம். ரெபெக்கா மூர் ஹோவர்டு என்ற பேராசிரியர் இதற்குப் பேட்ச்ரைட்டிங் என்று பெயர் வைத்து, படித்தது முழுசாகப் புரியாத மாணவர் கற்றுக்கொள்ளும் வழியில் இதைச் செய்கிறார், எல்லாமே திருட்டு நோக்கம் இல்லை என்று வாதிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஆனால் உங்கள் கல்லூரி விதி அப்படிப் பார்க்காமல் போகலாம். படித்த பக்கத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்த வார்த்தையில் எழுதினாலும் ‘இது இன்னாருடைய கருத்து’ என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்கு வகுப்புக்கு வகுப்பு விதி மாறும், சிலபஸில் (வகுப்பின் தொடக்கத்தில் ஆசிரியர் கொடுக்கும் விதிகளும் பாடத்திட்டமும் உள்ள தாள்) தெளிவாக இல்லை என்றால் பயன்படுத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, கேட்கக் கூச்சப்படுவது. இந்த வகுப்புகளை வேண்டுமென்றே சிறியதாக வைக்கிறார்கள், எழுத்து ஆசிரியர்களின் அமைப்பு பரிந்துரைக்கும் உச்சவரம்பு 20 பேர். ஆசிரியர் உங்கள் வரைவைப் படித்துப் பேச நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் அது. ஆஃபீஸ் அவர்ஸில், அதாவது மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கிவைக்கும் நேரத்தில், போய் நின்றால் தொந்தரவு என்று நினைக்கமாட்டார்கள், வராதவர்களைப் பற்றித்தான் வருத்தப்படுவார்கள். கல்லூரியில் வரைவைப் படித்து ஆலோசனை சொல்லும் ரைட்டிங் சென்டருக்கும் போங்கள், காசு கிடையாது. ஆனால் சமர்ப்பிக்கும் நாளில் கட்டுரையைக் கொடுத்து ‘பிழை திருத்திக் கொடுங்கள்’ என்றால் அவர்கள் செய்யமாட்டார்கள். நான்கைந்து நாள் முன்னாலேயே, அசைன்மென்ட் தாளையும் அரைகுறை வரைவையும் எடுத்துக்கொண்டு, ‘மூன்றாவது பத்தியில் என் வாதம் நிற்கிறதா’ என்பதுபோல ஒரு குறிப்பான கேள்வியோடு போங்கள்.