வாட்ச் சேகரிப்புக்கு ஒரு பதிவேடு

பத்து வாட்சைத் தாண்டியதும் ஞாபகத்தை நம்பாதீர்கள். எக்செல்லில் வாட்சுக்கு ஒரு வரி, ஒரு எண். அதே எண்ணைப் பெட்டியின் அறையில் ஒட்டுங்கள், வாட்சின் முதுகில் வேண்டாம், பசை படியும். மாடல், சீரியல், வாங்கிய தேதி, விலை, ஸ்ட்ராப் அகலம் (18, 20 மி.மீ. என்பதுபோல), கடைசி சர்வீஸ்: இவ்வளவு போதும்.

சீகோவின் 6 இலக்க சீரியலில் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அக்டோபர் முதல் ஓ, என், டி. பத்தாண்டை மாடலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பழைய எச்.எம்.டி. ஜனதா, பைலட் என்றால் டயலை நெருக்கமாகப் படமெடுங்கள். சந்தையில் மறுபெயின்ட் அடித்தவை ஏராளம். எழுத்தின் ஓரம் கசிந்திருந்தால் 'ரீடயல்' என்றே எழுதுங்கள். விற்கும்போது சண்டை வராது.

சாவி வாட்சுக்கு முழுச் சாவி கொடுத்து, போன் நேரத்துக்கு வைத்து, 24 மணி நேரம் கழித்து எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று குறியுங்கள். ஒழுங்காக ஓடியது திடீரென நிமிடக்கணக்கில் முந்தினால் பெரும்பாலும் ஹேர்ஸ்பிரிங்கில் (உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் கம்பி) காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் பக்கம் வைத்தீர்களா பாருங்கள்.

குவார்ட்ஸுக்கு பேட்டரி எண்ணும் மாற்றிய மாதமும் கட்டாயம். தீர்ந்த பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்தால் சர்க்யூட் போச்சு. தெர்மல் பில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படமெடுங்கள்.