போர்க்கால ஜீப்பைப் பழையபடி மீட்டெடுப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

பழைய ஜீப் கைக்கு வந்ததும் நேராகப் பட்டறையில் விட்டு, "எல்லாத்தையும் கழட்டிடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன். துருப்பிடித்த போல்ட்டுகளை எல்லாம் ஒரு வாளியில் அள்ளிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள், அதில் பாதி ஃபோர்டு கம்பெனியின் எஃப் முத்திரை போட்ட ஒரிஜினல் போல்ட்டுகள். அதே போல்ட்டுகளை இன்றும் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1. முதலில் வண்டி எது என்று பாருங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, ஒரே வடிவ ஜீப்பை இரண்டு கம்பெனிகள் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இரண்டும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேல். முன்பக்கக் கிரில்லில் துளைகளை எண்ணுங்கள்: தகட்டில் அச்சடித்த 9 துளை என்றால் போர்க்கால வண்டி, 7 என்றால் பெரும்பாலும் போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. ரகம். 1941 கடைசியிலும் 42 தொடக்கத்திலும் வந்த வில்லிஸில் மட்டும் பட்டைகளை வெல்டு வைத்த கிரில் இருக்கும். நம் ஊரில் 'மிலிட்டரி ஜீப்' என்று விற்பதில் நிறைய வண்டிகள் மகிந்திரா செய்த சி.ஜே.3பி, பானட் உயரமாக இருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் குனிந்து கிரில்லுக்குக் கீழே, சேசிஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், கவிழ்த்த யு வடிவம் என்றால் ஃபோர்டு. சேசிஸ் எண் வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உள்பக்கம் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேலேயே, இன்ஜினுக்குப் பக்கத்தில் குத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

2. பானட்டைத் தேய்த்துப் பாருங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள். பானட்டின் பக்கவாட்டில் 400 நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க, மேலே அடித்த பச்சை, அதற்குக் கீழே ஒரு சிவப்பு, அதற்கும் கீழே இன்னொரு பச்சை என்று ஒவ்வொரு அடுக்காக விலகும். அதிர்ஷ்டம் இருந்தால் அந்த அடுக்குகளுக்குள் 20 என்று தொடங்கும் அமெரிக்க ராணுவப் பதிவு எண்ணின் ஓரம் தெரியும். தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு, எழுத்தின் உயரத்தையும் இடத்தையும் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கழற்றுவது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டுங்கள். அமெரிக்க ராணுவம் 1944-ல் வெளியிட்ட டி.எம். 9-803 கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் எல்லாமே இஞ்ச் மரை. மில்லிமீட்டர் போல்ட்டை அழுத்தித் திருகினால் மரை போய்விடும்.

வீலில் கொஞ்சம் கவனம் வேண்டும். இரண்டு பாதிகளை நட்டு போட்டு இணைத்த காம்பேட் ரிம் என்றால், காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளில் கை வைக்காதீர்கள், ரிம் வெடித்துப் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து.

4. பாடி

தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவில் மடித்த சட்டங்கள் உண்டு, அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் தகடு உள்ளிருந்தே உளுத்துப்போகும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். பட்டி பூசி மறைக்காமல் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே கனத்தில் தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். முழு பாடியையும் புதிதாக வாங்கிப் போடுவது சுலபம்தான், ஆனால் அப்படிச் செய்தால் 1943-ல் செய்த வண்டியில் 1943 என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

5. இன்ஜினும் வயரிங்கும்

2.2 லிட்டர், சைடு வால்வு, 60 குதிரைத்திறன். எளிமையான இன்ஜின், நல்ல லேத்காரர் இருந்தால் பயமில்லை. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) 1-3-4-2, பிளக் இடைவெளி 0.030 இஞ்ச், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளி 0.020 இஞ்ச். மின்சாரம் 6 வோல்ட். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது என்று உடனே 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள், பல வண்டிகளில் குறை மெல்லிய பேட்டரி கேபிளில்தான் இருக்கிறது. தடித்த கேபிள் போட்டு எர்த் பிடிக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள்.

6. சின்னப் பொருட்கள்

ஹெட்லைட்டை ஒரு பட்டாம்பூச்சி நட்டைத் தளர்த்திப் பின்னால் திருப்பினால் இன்ஜின் மேல் வெளிச்சம் விழும், இரவில் ரிப்பேர் பார்க்க வைத்த ஏற்பாடு. அந்தக் கீல் உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், பிரேஸிங் (பித்தளையை உருக்கி ஒட்டுவது) வைத்துச் சரிசெய்யலாம். டேஷ்போர்டில் குளோவ் பாக்ஸ் மூடியில் இருக்கும் மூன்று தகவல் தகடுகளும் கீறலோடு இருந்தால் கீறலோடே திரும்ப மாட்டுங்கள்.

7. பெயிண்ட்

ஒரிஜினல் நிறம் பளபளப்பே இல்லாத ஆலிவ் டிராப், அதாவது மங்கலான ராணுவப் பச்சை. ஆனால் இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாது, அதனால் ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வேறு நிறம்தான் அடிக்க வேண்டும் என்று ஆனால், பானட்டில் நீங்கள் கண்டுபிடித்த அந்த எண் இருக்கும் ஒரு சாண் இடத்தை மட்டும் தேய்க்காமல் அப்படியே விட்டு, மேலே கிளியர் கோட் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்துவிடுங்கள்.