நுவரெலியாக் குளிரில் டோனட் மா பொங்கிய விதம்

எண்ணெயில் பொரிக்காமல் அவணில் வேகவைக்கும் டோனட்டுக்கான பழைய குறிப்பொன்று, பிசைந்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணித்தியாலம் வைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், அதுவும் மார்கழி மாதக் குசினியில், அப்படியோர் இடத்தை நாமே உண்டாக்கினால்தான் உண்டு. சொன்ன நேரம் கழிந்தும் என் மா வைத்தபடியே கிடந்தது.

ஆகவே, பற்றவைக்காத அவணின் கீழ்த்தட்டில் கொதிநீர்ப் பாத்திரமொன்றை வைத்து, மேல்தட்டில் ஈரத்துணியால் மூடிய மாவை வைத்து, நீர் ஆற ஆற மாற்றிவந்தேன்; மா இருமடங்காகப் பொங்கியது. மணிக்கூட்டைவிட விரலையே நம்பலாம்: அழுத்திய குழி மெதுவாக, பாதியளவு மட்டும் மீள வேண்டும். (சூடு கிடைத்துவிட்டால், காற்றழுத்தம் குறைந்த மலையில் மா சமவெளியைவிட விரைவாகவே பொங்கிவிடும் என்பதால் அயர்ந்துவிடக் கூடாது.)

குறிப்பிலிருந்த 1 அவுன்ஸ் (ஏறத்தாழ 28 கிராம்) உலர்த்தாத பச்சை ஈஸ்டுக்குப் பதிலாக, அதன் மூன்றிலொரு பங்கான 9 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்டைச் சேர்த்தேன். அவணுக்குக் குறிப்புச் சொன்ன 400 பாகை பரனைற்று என்பது ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ். அடிப்பாகம் பொன்னிறமானதும் எடுத்து, சூட்டோடு உருக்கிய பட்டர் பூசி, கறுவாத்தூள் கலந்த சீனியில் புரட்டினேன். ஆறவிட்டுப் புரட்டினால் சீனி உதிர்ந்துவிடும்.