ஒயின் பீப்பாய் விஸ்கியை நம்ம வெயிலில் ருசி பார்ப்பது எப்படி

நாசி கண்டார் (காரமான கறிகள் ஊற்றிய பினாங்குச் சோறு) சாப்பிட்டுவிட்டு வந்த வாயோடு விஸ்கியை ஊற்றாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். பினாங்கு ஆயர் ஈத்தாமில் வீட்டு முன்வாசலில், மீன்தலைக் கறியின் காரம் நாக்கை விட்டுப் போவதற்குள் புது பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தேன், ஸ்பிரிட் நெடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, காசு வீண் என்று மச்சான் தலையில் கட்டப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து ஏர்கோன் அறையில் அதே பாட்டில், வேறு சரக்கு!

விஸ்கியை 'அறை வெப்பத்தில்' குடி என்பார்கள். அது குளிர் நாட்டு அறை. பினாங்கில் மத்தியானம் 32 டிகிரி, அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி மூக்கில் அறையும், பீப்பாயில் சில வருடமே இருந்த இளசான விஸ்கியில் இன்னும் முரடாக. அதற்காக ஐஸ் போட்டால் மணமும் சேர்ந்து அடங்கிவிடும். பாட்டிலைக் கால்மணி நேரம் ஃபிரிட்ஜ் கதவில் வைத்து எடுங்கள், போதும்.

ஒயின் பீப்பாயில் 'ஃபினிஷ்' என்றால், பெரும்பாலும் பர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாயில் வளர்ந்ததைக் கடைசியில் சில மாதமோ ஓரிரு வருடமோ ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றுவது. மெல்பர்னின் ஸ்டார்வார்ட் நோவா விஸ்கி (ஆல்கஹால் 41 விழுக்காடு) அப்படியில்லை, முழுக்கச் சிவப்பு ஒயின் பீப்பாயிலேயே வளர்வது. 2015-இல் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய விஸ்கி) விருது வாங்கிய தைவானின் காவலான் சோலிஸ்ட் வின்யோ பாரிக்கும் அதே வகைதான். இளசு என்று இளக்காரம் வேண்டாம். ஸ்காட்லாந்துச் சட்டம் கேட்பதே 3 வருடம்தான், சூடான ஊரில் மரம் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும்.

சரி, ஊற்றுங்கள். 30 மில்லி, வாய் குறுகிய கண்ணாடி, சின்ன ஒயின் கிளாஸ் இருந்தாலும் சரி. மூக்கை உள்ளே நுழைக்காமல், கிளாஸை முகவாய் உயரத்தில் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பாருங்கள், நெடி பாதி குறையும். முதலில் வருவது இளமையின் வாசம்: ஹார்லிக்ஸ் டப்பா, பச்சை ஆப்பிள், பிசைந்த மாவு. அதற்குப் பின்னால்தான் ஒயின் வரும், எனக்கு ஆசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பிளம்), நாவல்பழம், அடிப்பிடித்த ஜாம். தீக்குச்சி உரசிய வாடை வந்தால் பயப்படாதீர்கள், பீப்பாய் கெடாமல் இருக்கக் கந்தகம் எரிப்பார்கள், அதன் மிச்சமாக இருக்கலாம். பத்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்ப மோந்து பாருங்கள்.

முதல் சொட்டு நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவதை வாயில் உருட்டி விழுங்கியபின் கன்னத்தின் உள்பக்கத்தைக் கவனியுங்கள். ரொம்ப நேரம் ஊறிப்போன தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்த மாதிரி இழுத்துப் பிடித்தால், அது மரமும் ஒயினும் விட்டுப்போன துவர்ப்பு. கொஞ்சம் இருந்தால் அழகு. நாக்கு வறண்டு தண்ணீர் தேடினால் பீப்பாய் மிஞ்சிவிட்டது என்பேன்.

தண்ணீர் சேர்ப்பதென்றால் அப்படியே ஊற்றிவிடாதீர்கள், ஸ்ட்ராவில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூன்று நான்கு சொட்டில் முரடு இறங்கிப் பழம் மேலே வரும். அப்புறம் என்னுடைய ஒரே கேள்வி: அடியில் பார்லி இன்னும் தெரிகிறதா? தெரிந்தால் நல்ல சரக்கு. வெறும் ஜாம் மட்டும் என்றால், வளராத விஸ்கியை ஒயினால் பூசி மெழுகியிருக்கிறார்கள். இடையிடையே வெறும் கிரீம் கிராக்கர் கடியுங்கள், முறுக்கு, மிக்சர் பக்கம் போகவே வேண்டாம்.

கிளாஸை உடனே கழுவிவிடாதீர்கள், வீட்டில் யார் திட்டினாலும். மறுநாள் காலை, ஆல்கஹால் எல்லாம் பறந்தபின் அந்தக் காலி கிளாஸை மோந்து பாருங்கள், ராத்திரி நெடிக்குள் பிடிபடாமல் போன மரமும் பழமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.