செட்டப் ஃபைலுக்கு எந்தச் சர்டிஃபிகேட் வாங்கலாம்?

மதுரை கீழமாசி வீதியில் உள்ள மளிகை மொத்தக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன். முதல் இரண்டு வருடம், அதை நிறுவும் செட்டப் ஃபைலில் யார் உருவாக்கியது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தே கிடையாது. புதுப் பதிப்பு அனுப்பினால் அண்ணாச்சி யாராவது கூப்பிடுவார். "தம்பி, நீலக் கட்டம் வருது, யார் போட்டதுன்னே தெரியலையாம்." "மோர் இன்ஃபோ அமுக்கி, ரன் எனிவே கொடுங்க அண்ணாச்சி" என்பேன். ஒருநாள் ஜிஎஸ்டி படிவம் என்று மெயிலில் வந்த வைரஸையும் கடைப்பையன் அதேபோல் அமுக்கிவிட்டான். அந்தப் பழக்கம் நான் கற்றுக்கொடுத்தது. அன்றே சர்டிஃபிகேட் வாங்க முடிவெடுத்தேன்.

ஜிஎஸ்டி தாக்கலுக்கு ஆடிட்டர் வாங்கித் தரும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் இதற்கு உதவாது, அது படிவங்களுக்கானது. நமக்கு வேண்டியது கோடு சைனிங் சர்டிஃபிகேட். அதைத் தரும் நிறுவனத்தின் ரூட்டை (அதன் மூலச் சர்டிஃபிகேட்டை) விண்டோஸ் ஏற்கெனவே நம்பியிருக்க வேண்டும். டிஜிசர்ட், செக்டிகோ, குளோபல்சைன் எல்லாம் அப்படிப்பட்டவை. நாமே உருவாக்கும் செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட் நம் மெஷினில் சோதித்துப் பார்க்க மட்டும்தான்.

சரி, வாங்குபவர் யார் என்று சரிபார்த்துத் தரும் ஓவியா (OV), இன்னும் கடுமையாகச் சரிபார்த்துத் தரும் இவியா (EV)? இவி வாங்கினால், அந்த நீலக் கட்டத்தைக் காட்டும் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் உடனே வழிவிடும் என்று இன்றும் சொல்லி விற்பார்கள். 2024-லேயே மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. விண்டோஸின் உள்மையத்தில் ஓடும் கெர்னல் டிரைவர் எழுதாதவர்களுக்கு ஓவி போதும். கம்பெனி இல்லாதவர்கள் சொந்தப் பெயரிலேயே வாங்கலாம். ஆவணங்களை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள். என் உத்யம் (சிறுதொழில்) பதிவில் ஒரு முகவரி, ஜிஎஸ்டியில் பழைய முகவரி. திருத்தும்வரை விண்ணப்பம் நகரவில்லை.

2023 ஜூன் 1 முதல், கையெழுத்திடப் பயன்படும் ரகசியச் சாவியான பிரைவேட் கீ, சான்று பெற்ற ஹார்டுவேரில்தான் இருக்க வேண்டும். தனியாளாக இருந்தால் யுஎஸ்பி டோக்கன் போதும். பில்டு (கோடிலிருந்து செட்டப் உருவாக்கும் வேலை) தானாக ஓடுகிறது, இரண்டு மூன்று பேர் கையெழுத்திட வேண்டும் என்றால் சாவியை இணைய சர்வரில் வைத்துக் கையெழுத்திடும் கிளவுட் சைனிங்தான் வசதி. 2026 மார்ச் 1 முதல் சர்டிஃபிகேட்டின் ஆயுள் அதிகபட்சம் 460 நாள். மூன்று வருடத் திட்டம் என்றால், இடையில் மறுபடி வழங்கும்போது புது டோக்கனுக்குக் காசு கேட்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கையெழுத்திடும்போது, எப்போது போட்டது என்று பதியும் டைம்ஸ்டாம்ப்பை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் சர்டிஃபிகேட் காலாவதியான பிறகும் பழைய செட்டப்பின் கையெழுத்து செல்லும். இல்லையென்றால் ஆயுள் முடிந்த அன்றே கடைக்குக் கடை போன் வரும். முதலில் உள்ளே போகும் எக்ஸ்இ, டிஎல்எல் ஃபைல்கள், அப்புறம் செட்டப் என்ற வரிசையில் கையெழுத்துப் போடுங்கள். அன்இன்ஸ்டாலரையும் மறக்காதீர்கள்.

கையெழுத்திட்ட பிறகும் கொஞ்ச நாள் நீலக் கட்டம் வரலாம். பப்ளிஷர் என்ற இடத்தில் நம் பெயர் தெரியும். இப்போது அண்ணாச்சியிடம் இப்படித்தான் சொல்கிறேன்: "அங்க என் பேரு இருந்தா மட்டும் அமுக்குங்க. இல்லைன்னா மூடிட்டு எனக்குப் போன் போடுங்க."